முன் டயர் வெடித்தால் கால் எங்கே போகணும்? - லாரி ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏற ஏற டயர் பற்றிய கேள்விகளும் ஏறிக்கொண்டே போகின்றன. இருபது வருஷத்துக்கு மேல் லோடு வண்டி ஓட்டிவிட்டு இப்போது புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

"அண்ணே, கிருஷ்ணகிரி தாண்டி நாலுவழிச் சாலையில் வரும்போது வலது முன் டயர் வெடித்தது. பிரேக் அடித்தேன், வண்டி நேராக மீடியனில் ஏறிவிட்டது. உயிர் தப்பினேன். என்ன தப்பு செய்தேன்?" - ஓட்டுநர், சங்ககிரி

தம்பி, நீங்கள் நல்லபடியாக இருந்து இதைக் கேட்கிறீர்களே, அது போதும். பிரேக் அடித்ததுதான் தப்பு. ஆனால் அந்தச் சத்தத்துக்கு யாருக்கும் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் ஓடும், அதனால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

நடந்தது இதுதான். டயர் வெடித்ததும் அந்தச் சக்கரம் சுலபமாக உருளாது, தரையில் இழுபடும். அதனால் வண்டி அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். வலது டயர் போனால் மீடியன் பக்கம், இடது டயர் போனால் பள்ளத்தின் பக்கம். அந்த நேரத்தில் பிரேக் அடித்தால் பாரம் எல்லாம் முன்னால் வந்து விழும், செத்துப்போன டயரின் மேல் இன்னும் அழுத்தம் கூடும், இழுப்பும் கூடும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும், ஒரு தடத்தின் அகலமோ மூன்றரை மீட்டர்தான். ஒரே ஒரு நொடி கோணலாகப் போனாலும் தடம் முடிந்துவிடும்.

அப்போது செய்ய வேண்டியது, கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, காலை ஆக்சிலேட்டரிலேயே வைத்திருக்க வேண்டும், முன்னால் இடம் இருந்தால் இன்னும் லேசாக அழுத்தலாம். ரெண்டு மூணு நொடிக்குத்தான், வேகம் கூட்டுவதற்காக இல்லை, பின் சக்கரங்கள் வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பக்கவாட்டு இழுப்பை ஸ்டியரிங்கால் சமாளிக்க முடியும். வண்டி நேராகக் கைக்கு வந்தது என்று தெரிந்த பிறகு, காலை மெதுவாக, பொறுமையாக எடுங்கள். கிளட்சை மிதிக்க வேண்டாம், எக்ஸாஸ்ட் பிரேக்கும் (இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைக்கிற பிரேக்) வேண்டாம். கியரிலேயே வேகம் குறையட்டும். 20, 30-க்கு வந்த பிறகு பிரேக்கை லேசாகத் தொட்டு இடது ஓரத்துக்குக் கொண்டு போங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஓட்டும்போது கட்டைவிரல் ஸ்டியரிங் கம்பிகளுக்கு உள்ளே மாட்டியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் சட்டென்று உதறும்போது விரலை முறித்துவிடும். அடுத்தது சீட் பெல்ட். லாரியில் எதுக்கு பெல்ட் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், முன் டயர் வெடித்தால் ஓட்டுநரே சீட்டை விட்டுத் தூக்கி எறியப்படலாம், பெல்ட் போட்டிருந்தால்தான் ஸ்டியரிங் கையில் இருக்கும்.

"பின்னால் டமார் என்று சத்தம். ஆனால் வண்டி இழுக்கவே இல்லை. அப்படியே சுங்கச்சாவடி வரை ஓட்டிவிட்டேன். சரிதானே?" - பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுநர், கரூர்

சரியில்லை. பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர் ஜோடியாக இருக்கும், அதில் ஒன்று போனால் பக்கத்து டயர் தாங்குகிறது, அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ரெண்டு டயரின் பாரத்தை ஒன்றே சுமக்கும்போது அதுவும் சூடேறி வெடிக்கும். காற்றுப் போன டயர் பக்கத்து டயரோடு உரசி உரசித் தீப்பிடிக்கும். டயர் தீயை ஒரு குடம் தண்ணீரில் அணைக்க முடியாது, அணைந்தது போல இருந்து மறுபடியும் பிடிக்கும். பிய்ந்த ரப்பர் பட்டை பிரேக்கின் காற்றுக் குழாயை அறுத்துவிடவும் கூடும், அதனால் சத்தம் கேட்டதும் பிரேக்கின் காற்றழுத்தம் காட்டும் ஏர் மீட்டரைப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து, அகலமான ஓரம் எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள்.

"வெயில் காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வெடிக்காது என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். குறைக்கலாமா?" - மூன்று வண்டி வைத்திருப்பவர், நாமக்கல்

ஐயா, தயவுசெய்து குறைக்காதீர்கள். இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை டயர் வெடித்திருக்கிறது என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. டயர் பெரும்பாலும் காற்று அதிகமாகி வெடிப்பதில்லை, குறைந்துதான் வெடிக்கிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும், ஒரு கம்பியை விரலால் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைக்கிற இடம் சுடுமே, அதே கதைதான். மணிக்கணக்கில் அப்படி மடங்கினால் உள்ளே இருக்கிற எஃகுக் கம்பியும் ரப்பரும் பிரிந்துவிடும். வெடிப்பது தொப்பூர் கணவாயில் என்றாலும், காரணம் காலையில் காற்றுப் பார்க்காமல் கிளம்பிய இடத்தில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டில் காற்றழுத்தம் கூடத்தான் செய்யும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் டயர் செய்திருக்கிறார்கள். சூடான டயரில் அளந்து பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கினால், ஆறிய பிறகு அது குறைந்த காற்றாகிவிடும். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, மீட்டர் வைத்து அளந்து, டயர் கம்பெனி அந்தப் பாரத்துக்குச் சொன்ன அளவை வையுங்கள்.

டயரை லிவரால் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்றுப் பார்ப்பது போதாதா என்று கேட்பீர்கள். நான் பயிற்சியில் செய்து காட்டுவது இது: ஜோடியின் உள்பக்க டயர் ஒன்றில் 110 பவுண்டு காற்று, இன்னொன்றில் 85 பவுண்டு வைத்துவிட்டு லிவரைக் கையில் கொடுப்பேன். இரண்டும் ஒரே மாதிரி 'டங்' என்று சொல்லும், அனுபவஸ்தர்களே தடுமாறுவார்கள். சுத்தமாகக் காற்றுப் போன டயரைத்தான் தட்டிக் கண்டுபிடிக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்து ஓடிய டயரைக் காற்றில்லாத டயர் என்றே கணக்கில் வைத்து, கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் மறுபடி காற்று பிடிக்க வேண்டும்.

அப்புறம் பாரம். 2018-இல் மத்திய அரசு பார வரம்பை ஏற்றியது, முன் அச்சுக்கு 7 டன், நாலு டயர் போட்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 11.5 டன் வரை. அதுக்கு மேலேயும் ஏற்றினால் எந்தக் காற்று வைத்தாலும் காப்பாற்றாது.

"நைட்ரஜன் போட்டால் வெடிக்காதாமே?"

நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கசிவு கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அளவு குறைந்தால் நைட்ரஜன் டயரும் வெடிக்கும்.

"ஸ்டெப்னி எட்டு வருஷமாகத் தொங்குகிறது, பூ (தரையில் படும் வரிப்பள்ளங்கள்) தேயவே இல்லை. முன்னால் போடலாமா?" - திருச்செங்கோடு

வேண்டாம். ரப்பர் ஓடாமலே கிழடாகும். 2012-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழா முடிந்து திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து, ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல். பூ தேயாமல்தான் இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வருஷக்கணக்கில் போராடியதன் பலனாக, 2021 முதல் அந்த நாட்டில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டயருக்குத் தடை. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. முன்னால் போடுவது எப்போதும் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல டயராக இருக்கட்டும். ரீட்ரெட் செய்ததை, அதாவது பழைய டயரில் புதுப் பூ ஒட்டியதை, பின்னால் போடுங்கள். ஒரே அச்சில் நைலானையும் ரேடியலையும் கலக்காதீர்கள்.

"நான் கார் ஓட்டுபவன். லாரி பக்கத்தில் போகும்போது பயமாக இருக்கிறது." - மதுரை

பக்கத்திலேயே கூட ஓடாதீர்கள், அவ்வளவுதான். தாண்டுவதென்றால் சட்டென்று தாண்டுங்கள், இல்லையென்றால் நன்றாகப் பின்னால் இருங்கள். பைக்கில் வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பிய்ந்து பறக்கும் ரப்பர் பட்டை ஆளையே சாய்த்துவிடும்.

"என் கணவர் லாரி ஓட்டுகிறார். நடுவழியில் டயர் மாற்றினேன் என்று போனில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?" - தருமபுரி

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. வெடித்தபோது தப்பித்தவர்கள் மாற்றும்போது அடிபட்டிருக்கிறார்கள். சாலைப் பக்கத்து டயர் என்றால், வண்டிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில் உட்கார்ந்து நட்டைக் கழற்றவே வேண்டாம் என்று சொல்லுங்கள். 1033-க்குப் போன் செய்தால் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வரும், அது பின்னால் விளக்கோடு நின்ற பிறகு வேலையைத் தொடங்கட்டும். அதுவரை கிளீனரும் அவரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும், வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

வண்டியில் ரிங் போட்ட டயர் (டயரைச் சக்கரத்தில் பிடித்து நிறுத்தத் தனி இரும்பு வளையம் உள்ளது) என்றால் இன்னொன்று. காற்று பிடிக்கும்போது அந்த இரும்பு ரிங் சரியாக உட்காராவிட்டால் தெறித்து வந்து ஆளைக் கொன்றுவிடும். வல்கனைசிங் கடையில் கூண்டுக்குள் வைத்துக் காற்று பிடிக்கச் சொல்லட்டும், கூண்டு இல்லாத கடை என்றால் வேறு கடை பார்க்கட்டும். எங்கே பிடித்தாலும் டயருக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம்.

எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியின் வாலுக்குப் பக்கத்தில் வைக்காமல், 50 மீட்டராவது பின்னால் நடந்து போய் வைக்கட்டும், வளைவாக இருந்தால் இன்னும் தள்ளி. முக்கோணம் இல்லாமல் கல்லும் மரக்கிளையும் வைத்திருந்தால், கிளம்பும்போது திரும்ப நடந்து போய் ஒவ்வொரு கல்லையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறச் சொல்லுங்கள். இரவில் பைக்கில் வருபவரின் வெளிச்சத்துக்கு அந்தக் கல் கடைசி நொடியில்தான் தெரியும்.