தவறுவதற்கும் வசதி வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வு முடிந்த சில வாரங்களில் என் தந்தை படுத்த படுக்கையானார். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தும் நான் வேலைக்குப் போனேன். இப்போது எனக்கு 41 வயது. உடன் படித்த நண்பர், “யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே, நீயாக எடுத்த முடிவுதானே?” என்கிறார். என் மனைவியோ, “வீட்டு நிலைமை அப்படி, நீங்கள் என்ன செய்திருக்க முடியும்?” என்கிறார். ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிப்பது அவருடைய சுதந்திரமா, பிறந்த வீட்டின் பொருளாதாரமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் நண்பர் ‘தடுக்க ஆளில்லை’ என்பதையே சுதந்திரம் என்று எடுத்துக்கொள்கிறார். 1998-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் இதை விளக்க எளிய உதாரணம் ஒன்றைக் கையாள்வார். உண்ணாவிரதம் இருப்பவர், பட்டினி கிடப்பவர் இருவர் வயிற்றிலும் உணவு இல்லை. ஆனால் முன்னவர் நினைத்தால் சாப்பிடலாம், பின்னவரால் முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கல்லூரியை வேண்டாமென்று விட்டு வேலைக்குப் போகும் ஒருவரையும் உங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், உங்கள் நண்பர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போவது அதனால்தான்.

என் வீட்டுக்கு அருகில் ஒரே நுழைவுத் தேர்வை எழுதிய இரு பிள்ளைகளை எனக்குத் தெரியும். இருவருமே சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்தார்கள். முதல் வீட்டில் இரண்டு நாள் முகம் வாடியிருந்தது. மூன்றாம் நாள், “போகட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்” என்று தாயார் சொல்ல, புத்தகங்கள் மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டன. இரண்டாம் வீட்டில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அன்று மாலையே தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலைக்குச் சொல்லி வைத்தார்கள். புத்தகங்களை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். அறிவிலும் உழைப்பிலும் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே நான் கண்ட வேறுபாடு மிகக் குறைவு. ஒருவனுக்கு இன்னொரு முறை தவறுவதற்கு இடமிருந்தது, மற்றவனுக்கு இல்லை. பொருளாதாரம் மனித வாழ்க்கையில் செய்கிற மிகப் பெரிய வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன். நீ இன்னதுதான் ஆக வேண்டும் என்று அது எவருக்கும் எழுதி வைப்பதில்லை. எத்தனை முறை சறுக்கிவிட்டு எழுந்து வரலாம் என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கிறது. சிலருக்கு அந்தக் கணக்கு ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது.

ஆயினும் உங்கள் மனைவியின் ஆறுதலையும் நான் முழுவதுமாக ஏற்க மாட்டேன். அவர் அன்பினால் சொல்கிறார் என்றாலும், அந்தச் சொல் உங்கள் கணக்கில் வர வேண்டிய ஒன்றைக் கழித்துவிடுகிறது. அதே நிலைமையில் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் போகவில்லை. கல்லூரியை இழந்தது உங்கள் தேர்வு அல்ல, ஆனால் தந்தையின் அருகில் நின்றது உங்கள் தேர்வு. இரண்டையும் ஒரே முடிவாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வி உங்களை விடாமல் இருக்கிறது.

கேள்வி: வறுமையில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படியிருக்க, தவறான முடிவுகளை எடுத்துவிட்டு நிலைமையைக் குறை சொல்வது சாக்குப்போக்கு அல்லவா?
– ஒரு வாசகி

பதில்: உயர்ந்தவர்கள் மேடையேறுகிறார்கள், அதே அளவு உழைத்தும் உயராதவர்களை யாரும் பேச அழைப்பதில்லை. ஆகவே உழைப்பின் பலனை மேடையை வைத்து அளக்க முடியாது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு சோதனையில், வறுமை மிகுந்த பகுதிகளில் அரசுக் குடியிருப்புகளில் வசித்த சுமார் 4,600 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடங்களுக்குக் குடிபெயர வாடகை உதவி அளித்தார்கள். ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள், தங்கள் இருபதுகளின் நடுவில், மாறாத பிள்ளைகளைவிட 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அத்தகைய பலன் கிடைக்கவில்லை. குலுக்கலில் வந்த சீட்டுக்கும் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தவறான முடிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத நாட்களிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அறிவுத்திறன் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதே மனிதர்கள்தாம், ஆனால் பணம் வந்த பிறகு மேலும் நன்றாகச் செய்தார்கள். கடனையும் தவணையையும் ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் மனத்தில் வேறு யோசனைக்கு மிச்சமிருக்கும் இடம் குறைவு என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்த முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு. எனினும் மாதக் கடைசியில் ஒருமுறையாவது அவசரமாகக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இராது.

சாக்குச் சொல்பவர்களே இல்லை என்று நான் வாதிடவில்லை. என் முடிவுகளைப் பற்றி யோசிக்கும்போது சூழ்நிலைக்குக் குறைவாகவும், பிறருடைய முடிவுகளைப் பற்றிப் பேசும்போது சூழ்நிலைக்கு அதிகமாகவும் இடம் கொடுக்க முயல்கிறேன். பெரும்பாலும் தலைகீழாகவே செய்துவிடுகிறேன்.

கேள்வி: அப்படியானால் பணக்காரர்கள் எல்லோரும் சுதந்திரமானவர்களா?
– மற்றொரு வாசகர்

பதில்: இல்லை. தந்தையின் தொழிலை ஏற்று நடத்தும் ஒருவர், தமக்கு ஓவியம் வரையப் பிடிக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.