நகையை அடகு வைத்து கண்ணாடி துடைக்கும் கம்பம் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 39 வயது, ஊர் அரியாங்குப்பம். ஒன்பது வருடமாகப் புதுச்சேரியில் லாட்ஜ், ஷோரூம், கிளினிக் என்று கண்ணாடி துடைக்கும் வேலையை எடுத்துச் செய்கிறேன். என்னோடு இரண்டு பேர். ஏணி, பக்கெட், வைப்பர், சோப்புத் தண்ணீர், இவ்வளவுதான் எங்கள் சாமான். 11 இடத்தில் மாதக் காண்ட்ராக்ட் இருக்கிறது. மாதம் 68,000 ரூபாய் வரும். சம்பளம் 32,000, பெட்ரோல், துணி வகையறா 5,000 போனால் 31,000 கையில் நிற்கும். மழைக்காலத்தில் வரவு 40,000க்கு இறங்கிவிடும். போன வருடம் என்னோடு இருக்கும் மூத்தவர், 52 வயது, ஏணி நழுவி சன்ஷேடிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வைத்தியத்துக்கு 38,000 ரூபாய் நான்தான் கட்டினேன். அதிலிருந்து யாரை ஏணியில் ஏற்றினாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தரையில் நின்றபடியே நீளக் கம்பத்தால் கழுவும் 'வாட்டர் ஃபெட் போல்' செட்டுக்கு ஒரு டீலர் 3,60,000 ரூபாய் விலை கொடுத்திருக்கிறார். அதில் ஆர்ஓ பிளான்ட், 500 லிட்டர் டேங்க், பம்பு, 30 அடி, 45 அடி கம்பங்கள் எல்லாம் அடக்கம். டேங்கை ஏற்ற பழைய லோடு ஆட்டோ ஒன்று 1,75,000க்கு வருகிறது. சேமிப்பில் 1,40,000 இருக்கிறது. மீதிக்கு மனைவியின் 10 பவுனை வைக்கலாமா? மத்திய அரசின் பிஎம்இஜிபி தொழில் மானியம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் 15,000 முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? மெஷின் வந்தால் ஒரு ஆளைக் குறைத்துவிடலாமா?

பதில்: கம்பம் வாங்குங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஆளையும் குறைக்க வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தோடு டீலரின் விலைப்பட்டியலையும் இணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதன் அடியில் பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி 18% தனி' என்று இருக்கிறது. ஆக, 3,60,000 என்பது 4,24,800. லோடு ஆட்டோவையும் சேர்த்தால் 6 லட்சத்துக்கு 200 ரூபாய்தான் குறைவு. உங்கள் வருட வரவு எட்டு லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 20 லட்சத்துக்கு அது வெகு கீழே. பதிவு இல்லாததால், மெஷினுக்குக் கட்டும் வரியை வரவு வைத்துக் கழிக்கவும் வழியில்லை. 64,800 ரூபாய் போனது போனதுதான்.

அந்த 6 லட்சத்தை ஐந்து வருடக் கடனாக 12% வட்டிக்கு எடுத்தால் மாதத் தவணை 13,347 ரூபாய். தை மாதத்தில் இதைக் கட்டிவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில்? வரவு 40,000, சம்பளம் 32,000, பெட்ரோலுக்கு 4,000 போனால் உங்கள் வீட்டுக்கே 4,000தான் மிஞ்சுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கலும் நம் பக்கம்தான் கரையேறின. அந்த மாதிரி ஒரு மாதத்தில் எந்த லாட்ஜ்காரரும் கண்ணாடி துடைக்கக் கூப்பிட மாட்டார். வங்கி மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் கூப்பிடும்.

நகைக்கடன் இன்னும் மோசம். வட்டி குறைவாகத் தெரியும். ஆனால் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு, முடிவில் அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்ட வேண்டும். கம்பம் கொண்டுவரும் பணமோ மாதம் நாலாயிரம், ஐயாயிரமாகத்தான் வரும். சொட்டுச் சொட்டாக வரும் வரவுக்கு மொத்தமாகக் கட்டும் கடன் பொருந்தவே பொருந்தாது. வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து, மறுபடி திருப்பி வைத்து, கடைசியில் நகை ஏலத்துக்குப் போன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் 10 பவுன் உங்கள் மனைவியுடையது. தொழிலில் வரும் இழப்பை அது சுமக்கக் கூடாது.

இனி தண்ணீர். டீலர் சொல்லாமல் விட்ட செலவு இதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் போர் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, வெயிலில் நிற்கும் கார் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். சொட்டு காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த உப்பு. இதுவரை நீங்கள் வைப்பரால் தண்ணீரை இழுத்து எடுத்ததால் வளையம் விழவில்லை. கம்பத்தில் வைப்பர் கிடையாது. பிரஷ்ஷிலிருந்தே தண்ணீர் வரும், தேய்த்து அலசிவிட்டு அப்படியே காயவிட வேண்டியதுதான். அதனால் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 10ஐத் தாண்டினால் கண்ணாடி காட்டிக் கொடுத்துவிடும்.

டிடிஎஸ்ஸை அந்த அளவுக்கு இறக்குவது ரெசின் பாட்டில், உப்பைப் பிடித்து வைக்கும் மணிகள் நிரப்பியது. 7 லிட்டர் ரெசின், '180 டிடிஎஸ் தண்ணீரில் 1,000 லிட்டர் தரும்' என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். மறுபடி நிரப்ப 2,100 ரூபாய். கணக்கு சரிதான், ஆனால் 180 நம் ஊர் அளவு இல்லை. கடலோரம் நிலத்தடியில் உப்பு ஏறிக் கிடக்கும் பூமி இது. உங்கள் போரில் 900 இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மடங்கு உப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் கிடைக்கும், அதாவது 200 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் கம்பத்துக்கு ஒரு நாளைக்கு 400 லிட்டராவது வேண்டும். வெறும் ரெசினை நம்பி இறங்கினால் ஒரு நாள் ரெசின் செலவே 4,200 ரூபாய். ஆர்ஓவை முன்னால் வைத்து 900ஐ 45க்கு இறக்கிவிட்டால் அதே ரெசின் 4,000 லிட்டர் தரும். பத்து நாள் ஓடும், நாளைக்கு 210 ரூபாய். ஆர்ஓ அவசியம் என்று டீலர் சொல்வது இதனால்தான், அதில் அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆர்ஓ உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

உங்கள் 11 இடத்தில் மூன்று லாட்ஜ், இரண்டு கிளினிக். இந்த மாதிரி இடங்களில் குடிக்கவும் சமையலுக்கும் ஆர்ஓ பிளான்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொண்டு போய் அளந்து பாருங்கள். 50 வந்தால், உங்கள் ரெசின் பாட்டில் 3,600 லிட்டர் தரும். வேலை அன்றைக்கு அவர்கள் ஆர்ஓ தண்ணீர் கொடுத்தால் போதும். 500 லிட்டர் டேங்க் வேண்டாம், அந்த 500 கிலோவைச் சுமக்க லோடு ஆட்டோவும் வேண்டாம். 'எங்களிடம் சாஃப்ட்னர் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். டிடிஎஸ் குறையாது, கறை விழத்தான் செய்யும்.

ஆகவே பட்டியலில் மூன்று வரியை மட்டும் எடுங்கள். 30 அடி கம்பம் 52,000, ரெசின் பாட்டில் 16,500, ஓஸ், பிரஷ், தள்ளுவண்டி 12,000. மொத்தம் 80,500, வரியோடு 94,990. தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியும் உள்ள கட்டடத்துக்கு 30 அடி போதும், உங்கள் இடங்களில் எட்டு அப்படிப்பட்டவைதான். 45 அடிக் கம்பத்தை இப்போது நினைக்க வேண்டாம்.

இந்த 95,000க்குக் கையிலிருந்து 45,000 போடுங்கள். மீதி 50,000க்கு, சிறு தொழில் கடனுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிஷு பிரிவு இருக்கிறது. உச்சவரம்பே 50,000தான், ஈடு கேட்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு 12% என்று வைத்துக்கொண்டால் தவணை 2,354 ரூபாய். கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்கு விலைப்பட்டியலோடும் ஆறு மாத ஸ்டேட்மென்டோடும் நீங்களே நேரில் போங்கள். முத்ராவுக்கு ஏஜென்ட் என்று யாரையும் அரசு நியமிக்கவில்லை. பிஎம்இஜிபி புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது, ஒன்பது வருடமாக நடக்கும் உங்கள் தொழிலுக்கு அந்த மானியம் பொருந்தாது. 15,000 கேட்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

சேமிப்பில் மிஞ்சும் 95,000ஐத் தொடாதீர்கள். மழைக்கால மூன்று மாதச் சம்பளம் 96,000. அந்தப் பணம் அதற்குத்தான்.

வருமானம் எப்படிக் கூடும் என்பதில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடியும் என்று டீலர் சொல்வார், முடியலாம். ஆனால் மிச்சமாகும் நாளில் இன்னொரு இடத்தில் வேலை இருந்தால்தான் அது காசு. அதனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே உங்கள் 11 பேரிடமும் பேசுங்கள். ஏணி எட்டாததால் விட்டுவைத்த இரண்டாம் மாடிக் கண்ணாடி யாரிடம் இருக்கிறது? கடலைப் பார்த்த முகப்பு யாருக்கு இருக்கிறது? கடற்கரைச் சாலைப் பக்கம் உப்புக் காற்றில் கண்ணாடி பத்து நாளில் மங்கிவிடும். கடல் உப்பு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும் சமாச்சாரம், கம்பத்துக்குத் தோதான வேலை அது. மாதம் ஒரு முறை செய்வதை இரண்டு முறையாக்க அங்கேதான் கேட்க வேண்டும். கூடுதலாக மாதம் 5,000 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வந்த பிறகு வாங்குங்கள். 'மெஷின் வந்துவிட்டதே, ரேட்டைக் குறை' என்பார்கள். குறைக்காதீர்கள். கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் வேலை பிடிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்த யோசனை நல்லதுதான், ஆறு மாதம் பொறுத்துப் போங்கள்.

எல்லா வேலையும் கம்பத்துக்கு அடங்காது. உட்பக்கக் கண்ணாடிக்குப் பழைய வைப்பர்தான். புதுக் கட்டடத்தில் தெறித்த சிமென்ட், பெயின்ட், வருடக் கணக்காக ஊறிய உப்புக் கறை எதுவும் தண்ணீருக்குப் போகாது. ஒயிட் டவுன் பக்கத்து மரச் சட்ட ஜன்னல்களிலும் சுண்ணாம்புச் சுவர்களிலும் இதைப் பயன்படுத்தவே வேண்டாம். சோப்பு போட்டுப் பழகிய கண்ணாடியில் முதல் இரண்டு முறை கோடு விழும், சட்டத்தின் இடுக்கில் தங்கிய பழைய சோப்பு இறங்குவதால் வருவது அது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது.

மூத்தவரைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். அவரை நிறுத்தாதீர்கள். கம்பம் பிடிக்க ஒருவர், ஓஸை இழுத்துக்கொண்டு கீழே நடமாடுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர், உள்ளே துடைக்க ஒருவர் வேண்டும். உள்வேலையை அவருக்குக் கொடுங்கள். ஏணியில் இருந்து இறங்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். கார்பன் ஃபைபர் கம்பத்தில் மின்சாரம் பாயும். நம் தெருக்களில் பால்கனிக்குக் கைநீட்டும் தூரத்தில் கம்பி போகிறது. எந்தக் கம்பமானாலும் சரி, மேலே மின்கம்பி ஓடும் பக்கத்தில் தூக்கவே கூடாது. அந்த முகப்பு உங்களுக்கு வேண்டாம், எத்தனை ரூபாய் கொடுத்தாலும்.

மூவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவில் சேருங்கள். வருடம் 20 ரூபாய்தான், விபத்தில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். மணிக்கட்டு உடைந்தால் அது தராது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்று எடுங்கள், மருத்துவச் செலவையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். போன வருடம் கட்டிய 38,000ஐ நினைத்தால் பிரீமியம் பெரிதாகத் தெரியாது.

கடைசியாக, ஒரு லாட்ஜ் மூன்று மாத பில் 45,000 ரூபாயை இழுத்தடிக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கையிலிருந்து போடும் பணம் அப்படியே அங்கே கிடக்கிறது! சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இலவசமாகச் செய்து, அந்த எண்ணை இனி ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால், கொடுக்கும் வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. லாட்ஜின் ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும். முதலாளியிடம் மல்லுக்கு நிற்காமல் ஆடிட்டரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த வாரம் மீட்டர் மட்டும் வாங்குங்கள். ஐந்து இடத்து ஆர்ஓ அளவையும், உங்கள் போர் அளவை இன்னொரு முறையும் எழுதி அனுப்புங்கள். எங்காவது 100க்கு மேல் வந்தால் ரெசின் செலவு இரட்டிப்பாகும், அந்த இடத்துக்கு என்ன ரேட் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.