பழைய வினாத்தாள்களைப் புதிய பலகை படிக்க மறுப்பது ஏன்?

கேள்வி: அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியொன்றில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை நான். ஓய்வு பெற ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டு முதல் வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் பாமினி எழுத்துருவில் நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இவ்வாண்டு எங்கள் வகுப்பறையில் தொடுதிரைப் பலகை பொருத்தினார்கள். பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கின்றன. மாற்றித் தருவதற்குக் கணினி மையத்தில் பக்கத்துக்கு 25 ரூபாய் கேட்கிறார்கள். உடன் பணிபுரியும் இளம் ஆசிரியரோ, தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பணம் கொடுக்க வேண்டாம், மறுபடி தட்டச்சு செய்யவும் வேண்டாம். உங்கள் கோப்புகள் கெட்டுவிடவில்லை, பலகையிலும் பழுது இல்லை.

பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தபோது கணினி சேமித்து வைத்தது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி என்ற எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் கட்டித் திரையில் நிறுத்தியது. கூத்துக் கலைஞர்கள் ஊருக்கு வந்து சேர்ந்தும் அவர்களுடைய வேடப்பெட்டி வந்து சேராவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் வகுப்பறையில் நடந்திருக்கிறது. ஒருங்குறி என்று சொல்லப்படும் யூனிகோடு முறையில் வேடம் கிடையாது. அதில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமக்கே உரிய எண்கள் உண்டு. 'அ' என்றால் 2949, எந்த நாட்டில் எந்தக் கருவியில் திறந்தாலும் அது 'அ'வாகவே இருக்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

இதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் 'தமிழி' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டிருக்கிறது, என்.எச்.எம். மாற்றியும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. கோப்பின் நகல் ஒன்றைக் கணினியில் திறந்து, ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் சுட்டியை வைத்து, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே பாமினி என்று இருந்தால் மாற்றியிலும் பாமினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானவில் என்று இருந்தால் வானவில்லை. பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டு மாற்றி சரியில்லை என்று கைவிடுபவர்களைப் பயிற்சிகளில் அடிக்கடி பார்க்கிறேன். மாற்றிய பகுதியை நிர்மலா, லதா, மருதம் போன்ற ஒருங்குறி எழுத்துரு ஒன்றில் வைத்துச் சேமியுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

கணக்கும் அறிவியலும் கற்பிப்பவர் என்பதால், மொழிப்பாட ஆசிரியருக்கு அவ்வளவாக இல்லாத ஒரு சிக்கல் உங்களுக்கு உண்டு. அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாமினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகள்தாம் தமிழ் எழுத்துகள் என்பதால், உங்கள் வினாத்தாளில் உண்மையாகவே ஆங்கிலமாக இருக்கும் எழுத்து எது, தமிழ் வேடம் கட்டிய எழுத்து எது என்று மாற்றிக்குத் தெரியாது. பலவுள் தெரிவு வினாவில் ஏ, பி, சி, டி என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் விடைகளை வரிசைப்படுத்தியிருந்தால், மாற்றிய பிறகு அவை ய, டி, உ, ன என்று நிற்கும். சென்டிமீட்டரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் 'உஅ' ஆகும்; கிலோகிராம் 'மப' ஆகும். 12 மப எடையுள்ள பொருள் என்ற வினாவைப் பார்த்து எட்டாம் வகுப்பு மாணவன் என்ன நினைப்பான் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். அதனால் வினாத்தாளை முழுவதுமாக அள்ளி மாற்றியில் ஒட்டக் கூடாது. வினாவின் தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றி, அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள். அலகுகளையும் வாய்பாடுகளையும் விடை வரிசை எழுத்துகளையும் தொடாதீர்கள். கோப்பை நேரடியாகத் திறந்து, பாமினியில் உள்ள பகுதியை மட்டும் அடையாளம் கண்டு மாற்றும் கருவிகளும் உண்டு. ஆனால் அலகுகளை வேறு எழுத்துருவில் முறையாகத் தட்டச்சு செய்தவர்களுக்கு மட்டுமே அவை உதவும். மாற்றிய தாளை ஒவ்வொரு வினாவாக மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் பலகையில் திறக்க வேண்டாம்.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. பழைய எழுத்துருக்களில் 'ர்' என்பதற்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைக்கும் பழக்கம் பலருக்கு இருந்தது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருங்குறியில் அவை வேறு வேறு. 'அவர்' என்று தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு படிக்கும் பார்வையற்ற மாணவருக்கும் அந்தச் சொல் பிழையாகவே ஒலிக்கும். துணைக்காலின் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது என்பதால், கோப்பு முழுவதும் அந்தச் சேர்க்கையைத் தேடி 'ர்' என்று மாற்றும்படி ஒரே ஆணையாகக் கொடுத்துவிடலாம்.

இப்போது கடைக்காரரைப் பற்றி. பக்கத்துக்கு 25 ரூபாய் வாங்குபவர்களில் பலர், மேலே சொன்ன இலவச மாற்றியில் ஒட்டி, சரிபார்க்காமல் திருப்பித் தருகிறார்கள். 'உஅ'வும் 'மப'வும் உங்கள் கைக்கு வந்து சேர்வது அப்படித்தான். வேறு சிலர் மாற்றவே மாட்டார்கள். பாமினிக் கோப்பை அப்படியே பி.டி.எஃப். ஆக்கித் தருவார்கள். பலகையில் அது அழகாகத் திறக்கும், நீங்களும் மகிழ்ந்து பணம் கொடுப்பீர்கள். அடுத்த ஆண்டு ஒரு வினாவைத் திருத்த முயலும்போதுதான் ஏமாந்தது தெரியும். தமிழ் மென்பொருள் தொகுப்பு என்று ஆண்டுச் சந்தா கேட்டுப் பள்ளிக்கே வரும் முகவர்களிடமும், வாட்ஸ்ஆப்பில் 'அனைத்துத் தமிழ் எழுத்துருக்களும்' என்று சுற்றிவரும் செயலிக் கோப்புகளிடமும் இதே எச்சரிக்கை தேவை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது: இன்னும் நடக்காத தேர்வின் வினாத்தாளும் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் பென் டிரைவை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் அப்படி விட்டுவிட்டு வந்து, அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள்களுக்கு முன் வினாத்தாளையே மாற்ற நேர்ந்தது.

உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூன் மாதத்தில். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதம். அந்த ஆணைக்குப் பிறகும் எத்தனையோ அலுவலகங்கள் பழைய எழுத்துருவிலேயே படிவங்களை அனுப்பி, அதிலேயே நிரப்பித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தன. ஆணை பிறப்பித்தவர்களே கடைப்பிடிக்காத ஒன்றை, பள்ளியில் வகுப்பும் எடுத்துக்கொண்டு கணினி வேலையும் பார்க்கும் ஆசிரியர் மட்டும் எப்படிக் கடைப்பிடித்திருக்க முடியும்? பலகையைப் பொருத்த வருபவர் அதை இயக்கவும் அணைக்கவும் விரலால் வட்டம் வரையவும் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஆசிரியரிடம் பதினைந்து ஆண்டு உழைப்பு வேறொரு வடிவில் இருக்கிறதே, அது இதில் திறக்குமா என்று கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பலகையிலேயே பாமினியை நிறுவிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் பலகையில் விண்டோஸ் கணினி இணைந்திருந்தால் அது முடியும். நாளைக்கே வகுப்பு எடுக்க வேண்டிய நெருக்கடிக்கு உதவும். ஆண்டிராய்டு மட்டும் இருந்தால் எளிதல்ல. எப்படியானாலும் அடுத்த வகுப்பறைக்குப் போனதும் இதே தொல்லை திரும்ப வரும்.

கடைசியாக, தமிழ்99. உங்கள் இளம் நண்பர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார். எந்த விசையைத் தட்டுகிறோம் என்பது விசைப்பலகை முறை. அது கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது குறியேற்றம். பாமினி விசைகளையே தட்டி ஒருங்குறியில் எழுத என்.எச்.எம். எழுதி போன்ற மென்பொருள்கள் வழிசெய்கின்றன. உங்கள் விரல்கள் பழகிய இடங்களிலேயே இருக்கலாம், சேமிக்கப்படுவது மட்டும் மாறிவிடும். தமிழ்99 நல்ல முறைதான். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும் வசதி அதில் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு அதையே சொல்வேன். பல ஆண்டுகள் பாமினியில் வேகமாகத் தட்டச்சு செய்த ஒருவர் ஓய்வுக்கு ஆறு ஆண்டுகள் இருக்கையில் அதற்கு மாறியே தீர வேண்டும் என்பதில்லை.

எல்லாக் கோப்புகளையும் ஒரே விடுமுறையில் மாற்ற முனையாதீர்கள். இந்தப் பருவத்துக்குத் தேவையான பாடங்களை மட்டும், வாரத்துக்கு ஒரு வினாத்தாள் என்ற அளவில் எடுங்கள். பாடநூல் மாறிப் பயன்படாமல் போன பழைய தாள்கள் பாமினியிலேயே கிடக்கட்டும்.