ரெட் கிரேஞ்ச் பற்றிக் கேட்டீர்கள்

கே: அமெரிக்கக் கால்பந்தில் ரெட் கிரேஞ்சை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறார்கள், அண்ணா?

ப: ஒரே ஒரு மத்தியானத்துக்காகவே பேசலாம். 1924 அக்டோபர் 18. அவர் ஆடிய இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடிய அர்ப்பண விழா, எதிரணி மிச்சிகன் பல்கலைக்கழகம். அவர்கள் உதைத்த முதல் பந்தையே பிடித்து 95 யார்டு ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) போட்டார். அப்புறம் 67, 56, 44 யார்டு ஓட்டங்களில் இன்னும் மூன்று. நாலும் முதல் 12 நிமிடத்துக்குள்! கொஞ்சம் ஓய்வெடுத்துத் திரும்பி வந்து ஐந்தாவதையும் போட்டு, ஆறாவதற்குப் பாஸும் கொடுத்தார். இல்லினாய் 39, மிச்சிகன் 14.

கே: ‘ஐஸ்காரர்’ என்ற பட்டப்பெயர்?

ப: நிஜமாகவே ஐஸ் சுமந்தவர். வீட்டன் ஊரில் கோடை விடுமுறைகளில் வீடு வீடாக ஐஸ் பாளம் போடுவார். பெயர் நாடெங்கும் பரவிய பிறகும் அந்த வேலையை விடவில்லை.

கே: அவர் சட்டையில் இருந்த 77ஆம் எண் ராசி பார்த்து எடுத்ததா?

ப: ராசியாவது! வரிசையில் முன்னால் நின்றவனுக்கு 76, பின்னால் நின்றவனுக்கு 78. அவரே சொன்னதுதான்.

கே: படிப்பை முடிக்காமல் பணத்துக்குப் போனது சரியா, சார்?

ப: என்னைக் கேட்டால் சரிதான். காசுக்கு ஆடுவதை இழிவாகப் பார்த்த காலம் அது. அவருடைய கல்லூரிக் கோச் ஸப்கிக்கே பிடிக்கவில்லை. ஆனால் டிக்கெட் விற்றது யாருக்காக? 1925 நவம்பரில் கடைசிக் கல்லூரி ஆட்டம் முடிந்து ஐந்தே நாளில் காசுக்கு ஆடும் அணியான சிகாகோ பேர்ஸுக்காக இறங்கினார். 36,000 பேர் வந்தார்கள். டிசம்பரில் நியூயார்க்கில் சுமார் 70,000. நஷ்டத்தில் தத்தளித்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் முதலாளி டிம் மாரா அந்த ஒரு நாள் வசூலில்தான் மூச்சு விட்டார். உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கும் வரை கல்லூரி வீரரை எடுக்கக் கூடாது என்ற விதியும் இவரால் வந்ததுதான்.

கே: அவருக்கு முந்தைய நட்சத்திர வீரர் ஜிம் தோர்ப்பைவிடப் பெரியவரா?

ப: திறமையில் தோர்ப்தான். கூட்டத்தை இழுத்ததில் கிரேஞ்ச்.

கே: முழங்கால் அடிபட்டதோடு ஆட்டம் முடிந்துவிட்டதா?

ப: 1927இல் அடிபட்டது, 1928 முழுக்க ஆடவில்லை. ஓட்டத்தில் பழைய வளைவு நெளிவு திரும்பவே இல்லை. ஆனால் தடுப்பதில் கெட்டிக்காரராகிவிட்டார். 1933 இறுதிப் போட்டியில் பேர்ஸ் 23, ஜயன்ட்ஸ் 21, ஆட்டத்தின் கடைசி நொடிகள். பந்தோடு வந்தவன் பக்கத்தில் ஓடிவரும் கூட்டாளிக்குத் தட்டிவிடப் போகிறான் என்று கிரேஞ்சுக்குப் புரிந்துவிட்டது. காலைப் பிடிக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துக் கையையும் பந்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.