மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா?

கேள்வி: மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து வரும் இயற்பியல் வீட்டுப்பாடக் கணக்குகளில் திணறுகிறேன். ஒரு சூத்திரப்படி மின்தடை கூடினால் வெப்பம் கூடுகிறது, இன்னொன்றின்படி குறைகிறது. எதைப் போடுவது? உதவி கேட்டால் விடை மட்டும்தான் கிடைக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: இரண்டு சூத்திரமும் சரிதான். இந்தச் சந்தேகம் வருகிறதென்றால் நீங்கள் பாடத்தை யோசித்துப் படிக்கிறீர்கள் என்று பொருள்.

மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை × நேரம் என்பது ஜூல் வெப்ப விதி. 1840களில் ஜேம்ஸ் ஜூல் சோதனை செய்து கண்டது. ஓம் விதியைப் (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) பயன்படுத்தி அதில் மின்னோட்டத்தை நீக்கினால், மின்னழுத்தத்தின் வர்க்கம் × நேரம் ÷ மின்தடை என்று மாறிவிடும். எனவே சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கணக்கில் மாறாமல் இருப்பது எது?

தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. அங்கே மின்தடை அதிகமுள்ளதுதான் அதிகம் சூடாகும். பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம். அங்கே மின்தடை குறைந்தது அதிகம் சூடாகும். ஒரே மின்னழுத்தத்துக்கென்று செய்த 40 வாட், 100 வாட் இழை பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். பலரும் இதை நம்ப மறுப்பார்கள். 40 வாட் பல்பின் மின்தடை அதிகம் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இப்போது ஒரு முழுக் கணக்கு. 40 ஓம் சூடேற்றுச் சுருளை 200 வோல்ட்டில் இணைத்து, 2 கிலோ நீரை 25 டிகிரியிலிருந்து 85 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

மின்பக்கம்: 200 × 200 ÷ 40 = 1000 வாட். அதாவது நொடிக்கு 1000 ஜூல். வெப்பப்பக்கம்: நிறை × தன்வெப்ப ஏற்புத்திறன் (1 கிலோவை 1 டிகிரி சூடேற்றத் தேவையான ஆற்றல், நீருக்கு ஏறத்தாழ 4200 ஜூல்) × வெப்பநிலை உயர்வு, 2 × 4200 × 60 = 5,04,000 ஜூல். வகுத்தால் 504 நொடி, 8 நிமிடம் 24 நொடி. வெளியே வெப்பம் போகவில்லை, பாத்திரம் சூட்டை வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்த விடை. உண்மையில் நேரம் கூடும். அதே மாதிரி இன்னொரு சுருளைத் தொடராகச் சேர்த்தால் 1008 நொடி ஆகும், பக்க இணைப்பில் சேர்த்தால் 252 நொடி. இந்த இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீரும்.

மதிப்பெண் போகும் இடங்கள் வேறு சில உண்டு. நிமிடத்தை நொடியாக்க மறப்பது, கிராமைக் கிலோவாக்க மறப்பது, வெப்பநிலை உயர்வுக்குப் பதிலாக இறுதி வெப்பநிலையைப் போடுவது. உயர்வை மட்டும் எடுக்கும்போது செல்சியசும் கெல்வினும் ஒன்றே. 273 கூட்ட வேண்டாம்.

பனிக்கட்டி வந்தால் கணக்கைக் கட்டங்களாகப் பிரியுங்கள். 1 கிலோ பனிக்கட்டி 0 டிகிரியிலேயே உருக ஏறத்தாழ 3,34,000 ஜூல் வேண்டும். அந்த ஆற்றல் அதே அளவு நீரை ஏறக்குறைய 80 டிகிரி சூடேற்றப் போதுமானது. உருகும்போது வெப்பநிலை ஏறாததால் மாணவர்கள் இந்தக் கட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

உதவி கேட்பது பற்றி: ஆசிரியரோ, நண்பரோ, கணினிச் செயலியோ, யாரிடமானாலும் கேள்வியை மட்டும் நீட்டாதீர்கள். கொடுக்கப்பட்டவை, கண்டுபிடிக்க வேண்டியது, நீங்கள் போட்ட வரிகள், நின்றுபோன இடம் எல்லாவற்றையும் அலகோடு எழுதிக் காட்டுங்கள். "விடை என்ன?" என்று கேட்பதைவிட "எந்த வரியில் முதலில் தவறினேன்?" என்று கேளுங்கள். விளக்கம் கிடைத்ததும் அதை மூடிவைத்து, எண்களை மாற்றி அதே கணக்கைத் தனியாகப் போடுங்கள். மறுபடி நின்றால், நின்ற அந்த வரியை எடுத்துக்கொண்டு அவரிடமே போய்க் கேட்கத் தயங்காதீர்கள்.