பழசாக்க ஒரு குமிழ்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை மின்னணு முறையில் சத்தம் உருவாக்கும் வாத்தியமான சிந்தசைசரைப் பற்றியே நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், லேப்டாப்பில் இலவச பிளகின் (கம்ப்யூட்டருக்குள் வாத்தியமாக ஓடும் சாஃப்ட்வேர்) போட்டாலே எல்லாச் சத்தமும் வருகிறது. புது மாடல்களும் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. அப்படியிருக்க, நாற்பது வருடப் பழசைத் தேடி அலைகிறவர்கள் எதற்காக அலைகிறார்கள்? வெறும் பழம்பெருமைதானா?

பதில்: பாதி பழம்பெருமைதான், மறைப்பானேன். மீதிப் பாதிக்குப் பதில் சொல்லும் முன் எந்தப் பழசு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

யமஹா டிஎக்ஸ்7 இருக்கிறதே, 1983இல் வந்தது, ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்த எஃப்எம் முறையில், அதாவது ஒரு அலையை இன்னொரு அலையால் ஆட்டிவைத்துச் சத்தம் செய்யும் முறையில், ஓடுவது. அலை எழுப்ப ஆறு ஆபரேட்டர், அவற்றைக் கோக்க 32 அல்காரிதம், ஒரே நேரத்தில் 16 சுரம். உள்ளே நடப்பது முழுக்க முழுக்கக் கணக்கு, கணக்கை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் விடை ஒன்றுதானே. டெக்ஸ்டு என்ற இலவச சாஃப்ட்வேர் அந்தக் காலத்து டிஎக்ஸ்7 பேட்ச்சுகளை (சேமித்து வைத்த சத்த அமைப்புகளை) அப்படியே வாங்கி வாசிக்கிறது. பழைய மெஷினிலிருந்து சத்தம் வெளியே வரும் இடத்தில் ஒரு சொரசொரப்பு உண்டு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் டிரம்ஸும் பாட்டும் மேலே ஏறிய பிறகு அதைப் பிரித்துக் கேட்கிற காது எனக்கு இல்லை. ஆகவே டிஎக்ஸ்7 வேண்டுமென்றால் பிளகினே போதும் என்பேன், அந்தச் சின்ன பட்டன்களை அமுக்கி அமுக்கி ஒரு பேட்ச் செய்து பார்த்தவர்கள் எனக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவார்கள்.

கணக்குக்குப் பதில் மின்சுற்றே சத்தம் எழுப்பும் அனலாக்கின் கதை வேறு. ப்ராஃபெட்-5, 1978. ஐந்து வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஐந்து சுரம்), வாய்ஸுக்கு இரண்டு ஆசிலேட்டர் (சத்த அலையை எழுப்பும் சுற்று), ஆக மொத்தம் பத்து. சூடு ஏற ஏற ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் நகரும், அதைச் சரிக்கட்டவே பேனலில் ‘டியூன்’ என்று ஒரு பட்டன் உண்டு. ஐந்து பேர் சேர்ந்து பாடினால் ஐந்து பேரும் மயிரிழை பிசகாமல் ஒரே சுருதியில் நிற்பார்களா என்ன, அந்த மாதிரிதான். ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) பிடித்துக்கொண்டு சும்மா கேட்டால் சத்தம் நின்ற இடத்தில் நிற்காமல் உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கும். அன்றைய எஞ்சினியர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆசிலேட்டரை டிஜிட்டல் கடிகாரத்தோடு கட்டிப்போட்டு ஒருவழியாக அடக்கினார்கள். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2020இல் ப்ராஃபெட்-5ஐ மறுபடி கொண்டுவந்தபோது அதில் ‘விண்டேஜ்’ என்று ஒரு குமிழ் வைத்தார்கள். அதைத் திருகத் திருக வாய்ஸ்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், அதாவது பழசாகும்! பாடுபட்டு ஒழித்த குறையையே ஒரு குமிழில் அடைத்து விற்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் ஒரு நண்பரின் ஸ்டூடியோவில் அதைத் தொட்டேன், அப்புறம் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் புது அனலாக் ஒன்றை வாங்கிவிட்டால் முடிந்ததா?

பதில்: சத்தத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். 1970களின் மினிமூக் என்ற அனலாக்கை மூக் நிறுவனமே 2016இலும் 2022இலும் திரும்பச் செய்தது, கோர்க் 2013இல் தன் பழைய எம்எஸ்-20ஐச் சற்றுச் சின்னதாக்கி வெளியிட்டது, பழைய ப்ராஃபெட்டுகளில் இருந்த சிஇஎம்3340 என்ற ஆசிலேட்டர் சிப்கூட மறுபடி தயாராகிறது.

ஆனால் பழசிடம் கற்றுக்கொள்ள ஒன்று பாக்கி இருக்கிறது. மினிமூக்கின் பேனலை இடமிருந்து வலமாக ஒரு தரம் படித்துப் பாருங்கள். முதலில் கண்ட்ரோலர்கள், அடுத்து மூன்று ஆசிலேட்டர், அப்புறம் மிக்ஸர், பிறகு சத்தத்தை வடிகட்டும் ஃபில்டரும் அது எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் எண்வலப்பும், கடைசியில் அவுட்புட். சத்தம் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில் உங்கள் கையும் போகும். மெனு இல்லை, மெமரியும் இல்லை. பிடித்த சத்தம் கிடைத்தால் ஒவ்வொரு குமிழும் எங்கே நிற்கிறது என்று காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான், குறித்ததை மறுநாள் அப்படியே வைத்தாலும் நேற்றைய சத்தம் அச்சு அசலாக வராது. ஆயிரம் பிரீசெட்டை (தயாராக வைத்த சத்தங்களை) புரட்டிக்கொண்டே மாலைப் பொழுதைத் தொலைக்கிறவர்கள் (நானும் அந்தக் கூட்டம்தான்) இப்படி ஒரு பேனல் முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்தால் ஃபில்டர் என்ன செய்கிறது என்பது ஜென்மத்துக்கும் மறக்காது. இதற்கு 1970களின் மெஷின்தான் வேண்டும் என்றில்லை, அதே பேனல் அமைப்போடு வரும் புதுசும் போதும். திரையில் மவுஸால் திருகுவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: டிபி-303 வந்த காலத்தில் விற்கவே இல்லையாமே, அதற்கா இன்று இவ்வளவு மவுசு?

பதில்: ஆமாம். 1981இல் ரோலண்ட் அதைக் கொண்டுவந்தது பேஸ் கிடார்காரருக்குப் பதிலாக. அந்த வேலைக்கு அது லாயக்கில்லை, சத்தம் பேஸ் கிடார் மாதிரியே இல்லை, புரோகிராம் செய்வதும் பெரும்பாடு. சில வருடங்களில் தயாரிப்பு நின்றது, செகண்ட்ஹேண்டில் அடிமாட்டு விலைக்கு வந்தது, கையில் காசில்லாத சிகாகோ இளைஞர்கள் வாங்கி அதன் குமிழ்களை ஓடும்போதே கன்னாபின்னாவென்று திருகினார்கள், ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. அந்தச் சத்தத்துக்கு இன்று நகல்கள் ஏராளம். ஒரிஜினலுக்குக் கொட்டிக் கொடுப்பது சேகரிப்பாளர் வேலை, இசைக்காரர் வேலை இல்லை.

கேள்வி: ஜூனோ-106 என்ற பழைய சிந்தசைசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்க்கப் போகிறேன், எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் வேலையாக கோரஸை (சத்தத்தைத் தடிப்பாக்கும் எஃபெக்டை) அணையுங்கள். அந்தக் கோரஸ் அவ்வளவு அழகு, எல்லா வியாதியையும் மூடி மறைத்துவிடும். பிறகு மெஷினை ஆஃப் செய்து, ‘கீ டிரான்ஸ்போஸ்’ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஆன் செய்யுங்கள். டெஸ்ட் மோடுக்குப் போகும். இனி ஒவ்வொரு கட்டையை அமுக்கும்போதும் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் எண் காட்டும். மொத்தம் ஆறு வாய்ஸ். ஐந்து ஒரே மாதிரி ஒலித்து ஒன்று மட்டும் கரகரத்தாலோ, ஊமையாக இருந்தாலோ, கையை எடுத்த பிறகும் முனகிக்கொண்டே இருந்தாலோ விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே வாய்ஸுக்கு ஒன்றாக 80017ஏ என்ற சிப் இருக்கிறது, மேலே கறுப்பு ரெசின் பூசியிருக்கும். காலப்போக்கில் அந்தப் பூச்சே எமனாகிறது. சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்து, இளகிய பூச்சை உரித்து எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும், பிழைக்காவிட்டால் புதிதாகச் செய்த மாற்றுச் சிப்பும் கிடைக்கிறது. ஆகவே ஒரு வாய்ஸ் போயிருந்தால் ஓடிவந்துவிட வேண்டாம், ஆறு சிப்புக்கும் செலவு வரும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். “எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, வாசித்துக் காட்ட மட்டும் நேரமில்லை” என்று சொல்கிறவரிடம் பேசவே வேண்டாம்.

ஸ்லைடர்களையும் ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் அது பெரும்பாலும் தூசி, பயமில்லை.

கேள்வி: பழசை கம்ப்யூட்டரோடு இணைக்க முடியுமா?

பதில்: வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடி வந்தது 1983இல். அதற்குப் பிந்தையதென்றால் பெரும்பாலும் பின்பக்கம் ஐந்து முள் மிடி சாக்கெட் இருக்கும், ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் போதும். முந்தையதென்றால், வழி இருக்கும் மெஷின்களில், சுரத்தைக் குறிக்கும் வோல்டேஜ் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும், அதிலும் ஆளுக்கொரு வழக்கம். மினிமூக்குக்கு ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட், எம்எஸ்-20க்கு வேறு கணக்கு. இரண்டையும் நேராகக் கோத்தால் சுருதி சேராது, இடையில் கன்வர்ட்டர் வேண்டும்.

கேள்வி: மாமா வீட்டுப் பரணில் கோர்க் பாலிசிக்ஸ் ஒன்று கிடந்தது. இருபது வருடமாக யாரும் தொடவில்லை. ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது, கூடாது! பிளக்கைச் சொருகவே சொருகாதீர்கள். 1981 மெஷின் அது, பேட்ச்களை நினைவில் வைக்க உள்ளே சார்ஜ் ஆகும் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது இத்தனை வருடத்தில் கசிந்து பக்கத்துச் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றிருக்க வாய்ப்பு மிக அதிகம். பவர் சப்ளை கண்டென்சர்களும் கிழடு தட்டியிருக்கும். பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது என்றும் பாருங்கள், 100 என்றிருந்தால் ஜப்பானுக்குச் செய்தது, 230இல் சொருகினால் கதை முடிந்தது. பழைய சிந்தசைசர் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முதலில் அந்தப் பேட்டரியை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அது இருந்த இடம் பச்சைப் பூத்திருக்கிறதா இல்லையா என்று போட்டோ எடுத்து அனுப்புங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.