வரி கட்டுகிறவர் சொல்வதுதான் பாடமா?

கேள்வி: அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்குப் பரிணாமம் சொல்லிக்கொடுப்பது, வீட்டில் ஊட்டிய கடவுள் நம்பிக்கையைக் கெடுக்கிறது. வரி கட்டும் பெற்றோர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டியதுதானே? குறைந்தது இரண்டையும் சொல்லிக்கொடுக்கலாமே? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: எந்தப் பெற்றோர் என்று முதலில் சொல்லுங்கள். பென்சில்வேனியாவில் டோவர் என்றொரு சின்ன ஊர். ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன், டார்வின் சொன்னது வெறும் கோட்பாடு, அதில் ஓட்டைகள் உண்டு, உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி திட்டமிட்டு உருவாக்கியது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது, அதற்கான புத்தகமும் பள்ளியில் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என 2004-ல் அங்கே ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் ஓட்டுப்போட்டு முடிவெடுத்தது. எதிர்த்து வழக்குப் போட்டது நாத்திகர் சங்கமா? இல்லை, அதே ஊரில் வரி கட்டும் 11 பெற்றோர். அவர்கள் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர், உயிரியல் பாடநூல் எழுதியவர், கத்தோலிக்கர். ஆக இது கடவுளுக்கும் டார்வினுக்கும் நடந்த சண்டை இல்லை.

உயிரியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன, 2005 ஜனவரியில் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து வாசிக்க, ஆசிரியர்கள் வகுப்பைவிட்டு வெளியே போய் நின்றார்கள். அந்தப் புத்தகம் வாங்கத் தன் சர்ச்சில் 850 டாலர் திரட்டிய வாரிய உறுப்பினரோ, பணம் யார் கொடுத்தது என்று சத்தியப் பிரமாணம் எடுத்த பிறகும் தெரியாது என்றார். விசாரணையில் அவரே எழுதிய காசோலையை எடுத்துக் காட்டினார்கள். நம்பிக்கையைக் காப்பாற்றப் பொய் சொல்லத் துணிந்தவர்களைப் பற்றி உங்கள் அண்ணன் தன் பிள்ளைகளிடம் என்ன சொல்வார்?

'இரண்டையும்' என்கிறீர்களே, எந்த இரண்டு? டோவரில் அந்த இரண்டாவது நாற்காலி பிரம்மாவுக்காகப் போட்டதில்லை, பைபிள் சொல்லும் படைப்புக்காகத்தான். உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்கிற படைப்புவாதத்தை அறிவியல் பாடத்தில் வைக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, மேற்படி புத்தகத்தின் வரைவில் 'படைப்பு' என்றிருந்த இடத்திலெல்லாம் 'வடிவமைப்பு' என்று மாற்றி எழுதியிருந்தார்கள். பழைய வரைவுகளும் சாட்சியாக நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன! 2005 டிசம்பர் 20-ல், ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது அறிவியல் இல்லை என்று 139 பக்கத்தில் தீர்ப்பெழுதினார். அதற்கு முந்தைய மாதமே தேர்தலில் நின்ற பழைய வாரியத்தார் எட்டுப் பேரையும் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்குச் செலவுக்காக வாரியம் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் பத்து லட்சம் டாலர். அதுவும் வரிப்பணம்தான் சார்.

சரி, உங்கள் அண்ணனுக்கு வழியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. வீட்டில் சொல்லலாம், கோயிலிலோ சர்ச்சிலோ சொல்லலாம். மதங்களைப் பற்றிய பாடமாக, பிரசாரமாக இல்லாமல், பள்ளியிலேயே படைப்புக் கதைகளைப் படிக்க அங்கே சட்டத்தில் தடையில்லை. தேர்வில் கேட்கப்போவது உயிரியல் என்ன சொல்கிறது என்பதைத்தான். பிள்ளை அதை நம்புகிறதா என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.